பிரேக்கில் காற்று

"அமுக்குங்க மாமா."

அமுக்கினேன்.

"பிடிங்க."

பிடித்தேன். சக்கரம் கழற்றிய காரின் முன்பக்கம் மல்லாந்து படுத்திருந்த ஸ்பானர் ஒரு சின்னத் திருகைக் கால் சுற்று திறந்தான். என் காலடியில் பெடல் தொப்பென்று இறங்கியது. திருகை மூடினான்.

"விடுங்க."

விட்டேன்.

நாலு மாதமாக எங்கள் சனிக்கிழமைக் காலைகள் இப்படித்தான் போயின. பிரேக் குழாய்களுக்குள் புகுந்துவிட்ட காற்றை வெளியேற்றும் வேலை. 'ஏர் எடுப்பது' என்பார்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், இன்னொருவர் கீழே படுத்துத் திருக வேண்டும். ஒற்றை ஆளாகச் செய்வதற்கும் ஒரு கருவி இருக்கிறது. அதை வாங்குவது பற்றி நாங்கள் பேசியதில்லை.

மற்ற கார்களில் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை இது. எங்கள் காரில் எத்தனை பாட்டில் பிரேக் ஆயில் ஊற்றினாலும் பெடல் நனைந்த பஞ்சுமூட்டை மாதிரியே இருந்தது.

ஸ்பானர் என்பது பட்டப்பெயர். ஆள் என் மனைவியின் தம்பி. ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் மெக்கானிக். வீட்டில் வைத்த பெயரை அவன் அம்மாவே பாதி மறந்துவிட்டார். அவன் அக்கா அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாலு மாதத்துக்கு முன்னால் அவள் என்னை விட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை சரியாக ஒன்பது மணிக்கு இவன் ஷெட் வாசலில் வந்து நின்றான். கையில் டூல் பெட்டி.

"இனிமே உங்களை என்னன்னு கூப்பிடுறது?"

"தெரியலையே."

"மாமான்னே இருக்கட்டும். வாய்க்குப் பழகிடுச்சு. மாத்தினா நாக்கு சுளுக்கிக்கும்."

சொல்லிவிட்டு நேராகக் காருக்கு அடியில் போய்விட்டான். "நீங்க மேல உட்காருங்க. உங்க முதுகுக்குத் தரையெல்லாம் ஆகாது." அன்றிலிருந்து பெடல் பக்கம் நான், திருகுப் பக்கம் அவன்.

கார் எங்களுடையது என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டே சீட்டுள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார். வாங்கும்போது சிவப்பு நிறம், வெயிலில் வெளுத்து இப்போது ஈறு நிறம். ஆறு வருஷமாக நானும் ஸ்பானரும் சேர்ந்து அதை மாற்றிக்கொண்டே இருந்தோம். இன்ஜினுக்கு டர்போ வைத்தோம். சைலன்சரை மாற்றினோம். ஸ்பிரிங்கை மாற்றி, வண்டியைத் தரையோடு தரையாக இறக்கினோம். உட்கார்ந்தால் இடுப்பைக் கவ்விக்கொள்ளும் ரேஸ் சீட் போட்டோம். வேகம் கூடியதும், பழைய பிரேக் தாங்காது, பெரியதாகப் போட வேண்டும் என்றான் ஸ்பானர். உடைத்துப் போட்ட ஒரு பந்தயக் காரிலிருந்து முன்சக்கரங்களுக்கு இரண்டு காலிப்பர் தேடிப் பிடித்தோம். பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் இரும்பு வாய்கள் அவை. ஒவ்வொன்றும் ஒரு குழந்தையின் கனம்.

எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் தினமும் நடைப்பயிற்சியில் நின்று கேட்பார். "என்ன சார், இன்னும் பிரசவம் ஆகலையா?"

அந்தக் காலிப்பர்களை நான் தனியாக மாட்டிய நாளில்தான் அவள் போனாள். செவ்வாய்க்கிழமை. லீவு போட்டிருந்தேன். ஷெட் வாசலில் வந்து நின்றாள்.

"நான் அம்மா வீட்டுக்குப் போறேன்."

"ம்."

"திரும்பி வர்றதா இல்லை."

"ம்" என்றேன்.

"சுவரோட பேசினாக்கூட எதிரொலின்னு ஒண்ணு வருங்க" என்றாள். டாக்ஸியின் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. கையிலிருந்த போல்ட்டை முறுக்கி முடித்தேன். அடுத்ததை எடுத்தேன்.

எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. அவள் பேசுவாள், நான் 'ம்' கொட்டுவேன். பிறகு அவள் பேசுவது குறைந்தது. 'ம்'மும் குறைந்தது. அவள் போன பிறகு துக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். நான் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்ப்பவன். மரத்துப்போக ஊசி போட்டதும் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்களே, அதுபோல நானும் அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஒன்றும் தெரியவில்லை. சமைத்தேன், சாப்பிட்டேன், லேபுக்குப் போய்ப் பல் வரிசைகளைத் தேய்த்து மெருகேற்றினேன். யாரிடமும் பேச வேண்டிய வேலை இல்லை. வாரத்தில் என் குரலை நான் கேட்டது சனிக்கிழமை மட்டும்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஸ்பானர் காருக்கு அடியிலிருந்தே பேச்சோடு பேச்சாகச் சொன்னான்.

"அக்கா திட்டுது மாமா. 'அவரு வீட்டுக்கு நீ ஏன்டா இன்னும் அலையிறே, முறை முடிஞ்சாச்சு'ன்னுது."

"நீ என்ன சொன்னே?"

"பிரேக்கைப் பாதியில விட்டுட்டு வர முடியுமான்னேன். ஒரு மனுஷன் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்னேன். அதுவும் நர்ஸ்தானே, வாயை மூடிக்கிச்சு. 'சரி, பிரேக் முடிஞ்சதும் நிறுத்திடு'ன்னுது."

"சரிதானே" என்றேன்.

"அமுக்குங்க" என்றான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தடவை பெடலை மிதிக்கும்போதும் அது கெட்டியாகிவிட்டதா என்று கால் தானாகவே பார்த்தது. கெட்டியானால் இவன் வர மாட்டான். பஞ்சாகவே இருந்தது. சந்தோஷப்பட்டேனா என்று கேட்டால், அதுவும் தெரியவில்லை. அடுத்த பாட்டிலைத் திறந்தேன்.

இந்தச் சனிக்கிழமை அவன் வேனில் வந்தான். பக்கத்து சீட்டில் அவள்.

"மிச்ச சாமானை எடுத்துக்கலாம்னு வந்தேன்" என்றாள் என்னிடம். "என் புத்தகம், துணி, அந்த நிலைக்கண்ணாடி."

"எடுத்துக்கோ."

அவள் உள்ளே சாமான்களைக் கட்டிக் கட்டி வைத்தாள். நாங்கள் ஷெட்டில் அரை மணி நேரம் அமுக்கினோம், பிடித்தோம், விட்டோம். பெடல் அப்படியே இருந்தது. பிறகு ஸ்பானர் எழுந்து, நிலைக்கண்ணாடியை இறக்கக் கயிறு தேடிக்கொண்டு மாடிக்குப் போனான். நான் பெடல் மேல் காலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவள் ஷெட்டுக்குள் வந்தாள்.

"பீரோ சாவி எங்கே?"

"ஆணியில மாட்டியிருக்கேன்."

அவள் போகவில்லை. தாங்கிகள் மேல் நின்ற காரைச் சுற்றிப் பார்த்தாள்.

"இது இன்னும் முடியலையா?"

"உள்ளே காத்து இருக்கு. வெளியே வர மாட்டேங்குது."

"நாலு மாசமாவா? அவனும் வீட்ல இதையேதான் சொல்றான். அப்படி என்ன காத்து?"

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சக்கரம் கழற்றியிருந்த முன்பக்கத்தில் குந்தினாள். திருகிலிருந்து பாட்டிலுக்குப் போகும், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயை விரலால் தொட்டுப் பார்த்தாள். வார்டில் ட்ரிப்ஸ் குழாயைப் பார்க்கும் அதே பார்வை.

"காத்து இந்த வழியாத்தானே வெளியே வரணும்?"

"ஆமா."

"அப்ப இந்த ஓட்டை ஏன் அடியில இருக்கு?"

எனக்குப் புரியவில்லை.

"ஊசியில காத்து இருந்தா எப்படி எடுப்போம்? முனையை மேல பார்க்கப் பிடிச்சுத் தள்ளுவோம். காத்து மேலதான் நிக்கும். நீங்க கீழே திறந்து வச்சுக்கிட்டு மருந்தை மட்டும் வடிச்சுட்டு இருக்கீங்க."

இறங்கி வந்து குனிந்து பார்த்தேன். காலிப்பரின் திருகு அடிப்பக்கம் இருந்தது. மறுபக்கம் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அடியில். வலதில் போட வேண்டியதை இடதிலும், இடதில் போட வேண்டியதை வலதிலும் மாட்டியிருக்கிறேன். போல்ட் எல்லாம் பொருந்தும். திருகு மட்டும் தலைகீழாகிவிடும். அந்தச் செவ்வாய்க்கிழமை எதையும் பார்க்காமல் முறுக்கியிருக்கிறேன்.

திரும்பி வந்து அவள் பக்கத்தில் குந்தினேன். "இடம் வலம் மாறியிருக்கு" என்றேன்.

"ஒருத்தர் வாயில மாத்திப் பல்லு வச்சிருந்தா தூரத்துலயே கண்டுபிடிச்சிருப்பீங்க" என்றாள்.

அப்போதுதான் ஸ்பானர் தோளில் கயிற்றோடு வந்தான். நாங்கள் இருவரும் ஒரே காலிப்பரின் முன்னால் குந்தியிருப்பதைப் பார்த்தான். கயிற்றை மெதுவாகக் கீழே வைத்தான்.

அவள் எழுந்தாள். "ஏன்டா, இது உனக்குத் தெரியாதா?"

அவன் கயிற்றின் நுனியைக் காலால் ஒதுக்கினான்.

"ஆஸ்பத்திரியில பதினாலு வண்டிக்கு பிரேக் பார்க்குறவன் நீ. இதுக்கு அடியில நாலு மாசமா படுத்துக் கிடந்திருக்கே. மூக்குக்கு நேரா இருக்குடா."

"முத நாளே தெரியும்" என்றான்.

"தெரிஞ்சுமா?"

"வண்டி ஸ்டாண்டு மேலதானேக்கா நிக்குது? ஓட்டுறேன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேனா?"

"நான் கேட்டது அது இல்லை."

அவன் என்னைப் பார்க்காமல் பேசினான். "முடிச்சுட்டா எதைச் சொல்லிட்டு வர்றது? நீ வேண்டாம்னே. இவரு வான்னும் சொல்ல மாட்டாரு, போன்னும் சொல்ல மாட்டாரு. ஆறு வருஷமா எனக்குச் சனிக்கிழமைன்னா இங்கதான். வீட்ல உட்கார்ந்து ஃபேன் சுத்துறதைப் பார்க்கச் சொல்றியா?"

போல்ட் கழற்றும் சாவி வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றியது. எடுத்துக்கொண்டேன். வலது பக்கத்தை நான் கழற்றத் தொடங்கியதும், ஸ்பானர் இடது பக்கம் போனான். காலிப்பர்களை இடம் மாற்றி மாட்ட ஒரு மணி நேரம் ஆனது. அவள் மூட்டைகளை ஒவ்வொன்றாக வேனில் ஏற்றிக்கொண்டிருந்தாள். கண்ணாடியைத் தூக்க மட்டும் ஸ்பானர் ஒருமுறை எழுந்து போனான்.

பிறகு பழைய இடங்களுக்குப் போனோம்.

"அமுக்குங்க." இந்தத் தடவை 'மாமா' இல்லை. "பிடிங்க."

குழாயில் குமிழ்கள் வரிசையாகக் கிளம்பின. மூன்று தடவை, நாலு தடவை, எட்டுத் தடவை. ஒன்பதாவது தடவை பெடல் பாதி வழியிலேயே நின்றது. பாறை. இன்னும் பலமாக மிதித்தேன். அசையவில்லை.

"வந்துடுச்சு" என்றேன்.

"வரும்" என்றான் ஸ்பானர். கைகளைத் துணியில் துடைத்தான். சக்கரங்களை மாட்டினோம். வண்டியை இறக்கினோம். தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தேன். பிரேக்கைத் தொட்டதும் பிடித்து நிறுத்தியது. எதிர்வீட்டுத் தபால்காரர் கேட்டிலிருந்து கை தட்டினார். ஆறு வருஷ வேலை. ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்சம் காத்திருந்தேன். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான். திரும்பி வந்தேன்.

வேன் கிளம்பத் தயாராக இருந்தது. ஸ்பானரின் டூல் பெட்டியும் மூட்டைகளுக்கு நடுவே ஏறியிருந்தது. மற்ற வாரங்களில் அதை ஷெட்டிலேயே விட்டுவிட்டுப் போவான். அவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, "வர்றேன்" என்றான். எனக்குச் சொன்னானா, பொதுவாகச் சொன்னானா என்று தெரியாத மாதிரி.

நான் 'ம்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது வழக்கம்போலத் தயாராக இருந்தது. வேன் பின்னால் நகரத் தொடங்கியது. இரண்டு எட்டு கூடவே நடந்து ஜன்னல் விளிம்பைப் பிடித்தேன். அவன் நிறுத்தினான்.

"அடுத்த சனிக்கிழமை வா."

"எதுக்கு? வேலைதான் முடிஞ்சு போச்சே."

"வேலை ஒண்ணும் இல்லை. சும்மா வா."

என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. அவன் பக்கத்து சீட்டைப் பார்த்தான். அவள் மடியிலிருந்த புத்தகக் கட்டின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை ஏன் பார்க்குறே? உன்னைத்தானே கூப்பிடுறாரு" என்றாள். முடிச்சை இறுக்கிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, "கூப்பிடவும் தெரியும் போலிருக்கு" என்றாள். அதில் கோபம் இல்லை. வேறு எதுவும் இருந்ததாகவும் எனக்குத் தெரியவில்லை.

"எட்டு மணிக்கு வா" என்றேன் அவனிடம்.

"எட்டா? ஆம்புலன்ஸே அந்த நேரத்துக்குத் தூங்கும்." கியரைப் போட்டான். "ஒம்பதுக்கு வர்றேன் மாமா. கையை எடுங்க, நசுங்கிடும்."

எடுத்தேன்.