ஒரே இடத்தில் அதே பிழை

அப்பாவின் காலில் நீலத் திட்டுகள் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பல் தேய்த்தால் ரத்தம். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. டாக்டர் புற்றுநோய் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. எலும்பு மஜ்ஜையை எடுத்துச் சோதிக்கத் திங்கட்கிழமை வரச் சொன்னார். அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்? அம்மா இறந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

சனிக்கிழமை பார்த்து அம்மா வளர்த்த கினி எலியும் படுத்துக்கொண்டது. பஞ்சு என்று பெயர். தொட்டால் கீச்சிட்டது, பின்னங்காலை இழுத்தது.

"இதையாவது காப்பாத்தும்மா. உங்கம்மா கேப்பா" என்றார் அப்பா.

போனவள் எங்கே வந்து கேட்கப் போகிறாள் என்று எரிந்து விழப் பார்த்தேன். அடக்கிக்கொண்டு, பஞ்சைச் செருப்புப் பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துப் போனேன். அந்த அம்மாள் பஞ்சின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறெல்லாம் ரத்தம்.

"பழம், பச்சைக் காய் ஏதாவது குடுக்கறீங்களா?"

"அம்மா இருந்தவரைக்கும் காய்த்தோல் எல்லாம் இதுக்குத்தான். இப்ப மூட்டைத் தீனி மட்டும்."

"அதான். முக்கால்வாசி மிருகங்க வைட்டமின் சியை உடம்புலயே செஞ்சுக்கும். இதுக்குச் செய்ய வராது. இது ஸ்கர்வி, அந்தச் சத்து இல்லாம வர்ற நோய்."

பெட்டியின் மூடியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். உயிர்களின் மரபணுக்களைக் கணினியில் வரிசை வரிசையாக அடுக்கி, எது எந்த உயிரில் உடைந்துபோனது என்று குறிப்பதுதான் என் வேலை. பதினோரு வருடமாக இதே பிழைப்பு. வைட்டமின் சி செய்யும் மரபணு கினி எலியில் உடைந்தது. இன்னோர் உயிரிலும் உடைந்தது. அந்த உயிர் எங்கள் வீட்டில் ரொட்டியைப் பாலில் தோய்த்துக்கொண்டிருந்தது.

விழுந்தடித்து வீட்டுக்கு வந்தேன். அப்பா ரொட்டியும் பாலும் முட்டையுமாக உட்கார்ந்திருந்தார். மேசைக்கடியில் பூனை அதையே தின்றுகொண்டிருந்தது. ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் மேற்பார்வை பார்ப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர். ஐந்து மாதமாக இருவருக்கும் ஒரே சாப்பாடு. மேனேஜரின் ரோமம் பளபளவென்று இருந்தது.

"கடைசியா எப்பப்பா பழம் சாப்பிட்டீங்க?"

அப்பா யோசித்தார். "உங்கம்மா நறுக்கி வெச்சப்ப."

மூன்று வேளையும் ஆபீஸ் கேன்டீனில் கொட்டிக்கொண்டு வந்த என்னை நானே நாலு அறை அறையலாம் போலிருந்தது. டாக்டருக்குப் போன் செய்தேன். "இந்தக் காலத்துல ஸ்கர்வியா?" என்றவர், ரத்தத்தைச் சோதித்ததும் ஸ்கர்வியேதான் என்று வைட்டமின் சி மாத்திரை எழுதிக்கொடுத்தார். மாத்திரை தொடங்கி ஐந்தாம் நாள் ஈறில் ரத்தம் நின்றது. மஜ்ஜைச் சோதனை தேவைப்படவில்லை. பஞ்சும் எழுந்து நடந்தது.

அப்பாவுக்கு அதோடு விட மனமில்லை. முப்பத்துநாலு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர்.

"உடைஞ்சதுன்னா என்ன, எழுத்து விட்டுப்போச்சா? காட்டு."

கணினியைத் திறந்து காட்டினேன். மனிதன், சிம்பன்சி, குரங்கு, கினி எலி, பூனை என்று வரிக்கு ஓர் உயிர். அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரலை ஓட்டினார். சட்டென்று விரல் நின்றது.

"மேல இருக்கற இந்த மூணு வரியிலயும் ஒரே இடத்துல அதே எழுத்து விட்டுப்போயிருக்கே."

"ஆமாம்ப்பா."

"ரெண்டு புஸ்தகத்துல ஒரே இடத்துல அதே பிழை இருந்தா, ரெண்டும் ஒரே மூலத்தைப் பாத்து அடிச்சதுன்னு அர்த்தம்." குரல் தணிந்துவிட்டது. "பஞ்சு வேற இடத்துல கோட்டை விட்டிருக்கு. அது தனியா கெட்டது. நாமும் குரங்கும் ஒரே பிரதி. எப்ப நடந்தது?"

"சுமார் ஆறு கோடி வருஷம் முன்னாடி."

"ஒருத்தர் கண்ணுலயும் படலியா?"

"மரத்துல பழம் தின்னுக்கிட்டு இருந்தாங்க. குறையே தெரியல. அப்படியே நகல் மேல நகலா வந்துடுச்சு."

எத்தனையோ கூட்டங்களில் மூச்சுவிடாமல் ஒப்பித்த சங்கதி. அன்றுதான் எனக்கு மெய்சிலிர்த்தது. அந்த விட்டுப்போன எழுத்து அப்பாவின் ஈறில் இருந்தது, திரையைத் தொட்ட அவர் விரலில் இருந்தது, என்னிடமும் இருந்தது. பூனையோ காலடியில் தூங்கிக்கொண்டே அந்த மருந்தைத் தானே செய்துகொண்டிருந்தது.

அப்பா ஓர் ஆரஞ்சை எடுத்து உரித்தார். பழக்கமில்லாத கை, சாறெல்லாம் சட்டையில். ஒரு சுளை பஞ்சுக்கு. மேனேஜர் முகர்ந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திரும்பிக்கொண்டது.

"அப்ப நாப்பது வருஷமா அவதான் திருத்திக்கிட்டு இருந்திருக்கா" என்றார். "ஒரு தட்டுல வெச்சு. தெனமும்."

"அம்மாவுக்கும் தெரியாதுப்பா."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மிச்சச் சுளைகளைத் தட்டில் வைத்து என் பக்கம் நகர்த்தினார்.

"உனக்கும் அதே பிழைதானே. சாப்பிடு."