சந்தனம் வைத்த பென்டிரைவ்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, மலர்க்கொடி குளித்துவிட்டு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். தீபாவளிக்கு இன்னும் பதினெட்டு நாள். தைத்துத் தரவேண்டிய ரவிக்கைகள் பத்தொன்பது.

புலாவ் செபாங்கில் அவர்கள் இருந்தது வரிசை வீடு. அதன் முன்னறையை அடைத்துக்கொண்டு நின்றது அந்தக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின். பழசு. பூவேலை வடிவத்தை லேப்டாப்பில் வரைந்து, பென்டிரைவில் ஏற்றி, மெஷினின் பக்கவாட்டில் செருகினால், ஊசி தானாக ஓடித் தைத்துவிடும். எட்டு ஜிபிக்கு மேற்பட்ட பென்டிரைவைச் செருகினால் மட்டும் அது கண்டுகொள்ளாது. அதனால் ஏழு வருஷமாக ஒரே ஒரு கறுப்புப் பென்டிரைவ்தான் அவளுக்கு எல்லாமே.

ஆயுத பூஜையன்று எந்த ஆயுதத்தையும் தொடக்கூடாது என்பது அவள் கணவன் காளிதாஸின் சட்டம். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றித் தான் ஓட்டும் லோரியைக் கழுவி மாலை போடுவான். பிறகு மெஷினுக்கு வருவான். இந்த வருஷம் மெஷினுக்குப் பொட்டு வைத்த கையோடு பென்டிரைவையும் உருவியெடுத்தான்.

"இதுதானே மெஷினுக்கு மூள? மூளைக்குப் பொட்டு வேணாமா?"

"அதெல்லாம் வேணாங்க, விடுங்க."

"சாமி விஷயத்துல கஞ்சத்தனம் பாக்காதலா."

கறுப்புப் பிளாஸ்டிக்கில் சந்தனம் ஒட்டவில்லை. பளபளவென்றிருந்த தகர வாயில் நன்றாக ஒட்டியது. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம், நடுவில் குங்குமம். தட்டில் வெற்றிலைக்குப் பக்கத்தில் அன்று முழுக்க அது கிடந்தது. கிடந்து காய்ந்தது.

காலையில் எடுத்துப் பார்த்தபோது தகர வாய்க்குள் மஞ்சளாக அடைத்திருந்தது. மலர்க்கொடி துணியின் நுனியைத் தண்ணீரில் நனைத்து, முறுக்கி, உள்ளே விட்டுத் துடைத்தாள். வாயால் ஊதினாள். செருகினாள். மெஷின் மூன்று முறை கீச்சென்று கத்தியது. திரையில் ஒன்றுமில்லை. உருவியபோது தகரம் விரலைச் சுட்டது.

அவளுக்குப் பதற்றம் வரவில்லை. அலமாரியில் இன்னொன்று இருந்தது. ரோஸ் நிறத்தில் சாவி மாதிரி ஒன்று, இரண்டு டிபி. கைப்பேசியில் பார்த்து ஆர்டர் பண்ணியது, பத்தொன்பது ரிங்கிட். எல்லா வடிவங்களையும் இரண்டு மாதத்துக்கு முன்பு அதில் காப்பி பண்ணி வைத்திருந்தாள். அதை லேப்டாப்பில் செருகினாள். ஃபோல்டர்கள் வந்தன. உள்ளே பெயர்கள் வரிசையாக வந்தன. முதல் பெயரை அழுத்தினாள். ஃபைல் பழுதாகிவிட்டது என்றது லேப்டாப். அடுத்ததற்கும் அதையே சொன்னது. நாற்பதாவது பெயர்வரை அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள்.

பிறகு இரண்டையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ரயில் நிலையத்துப் பக்கம் நடந்தாள்.

நிவேந்திரன் அங்கே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். முப்பது வயதிருக்கும். போன மாதம் அவளுடைய லேப்டாப் மந்தமாகிவிட்டதென்று பழைய டிஸ்கைக் கழற்றிக் காலியான புதுசு போட்டுக் கொடுத்தவன் அவன்தான். ரோஸ் சாவியை முதலில் வாங்கிச் செருகினான்.

"இதுல படமா இருக்கே அக்கா."

"அது அவரு ஏத்துனது. லோரில போட்டுப் பாக்க. ரெண்டு டிபி கெடக்குதேன்னு மொதல்ல அவரு ஏத்திக்கிட்டாரு."

நிவேந்திரன் ஒரு படத்தை ஓடவிட்டான். சண்டைக் காட்சி ஒன்று சத்தத்தோடு நன்றாக ஓடியது. இன்னொன்றும் ஓடியது. அவளுடைய வடிவங்களைத் திறந்தான், திறக்கவில்லை. ஏதோ ஒரு சோதனையை ஓடவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"ரெண்டு டிபின்னு வெளியில எழுதியிருக்கான். உள்ள இருக்கிறது முப்பத்திரண்டு ஜிபிதான். அண்ணன் படமே அத ரொப்பிருச்சு. அதுக்கப்புறம் நீங்க ஏத்துனது எல்லாம் பேரு மட்டும்தான் ஏறிருக்கு. உள்ள ஒன்னுமே இல்ல."

"ஏத்துறப்ப ஒன்னும் சொல்லலியே?"

"சொல்லாது அக்கா. பொய் சொல்றதுக்குன்னே செஞ்சது."

"அந்தப் பழைய டிஸ்கு?"

அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "பேக்கப் இருக்கான்னு கேட்டேன். இருக்கு, தூக்கிப் போட்ருங்கன்னு சொன்னீங்க."

சொன்னாள்தான். அந்த வார்த்தைகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது.

கறுப்புப் பென்டிரைவை நீட்டினாள். சந்தனத்தைச் சொன்னாள். ஈரத்துணியைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆயிற்று. நிவேந்திரன் திட்டவில்லை. ஸ்பிரிட் தொட்டு, பல் துலக்கும் பிரஷால் தேய்த்தான். மஞ்சள் கரைந்து வந்தது. காயவைத்துச் செருகினான். திரையில் ஒரு பெட்டி தோன்றி, ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது.

"ஆமான்னு போட்டா சரியாயிருமா தம்பி?"

"ஐயோ, கைய எடுங்க! அது எதுக்கெடுத்தாலும் இதத்தான் கேக்கும். ஆமான்னு அழுத்துனா எல்லாத்தையும் தொடச்சிட்டு, காலியா இருக்கு, சந்தோஷமான்னு நிக்கும்."

வேறு துளையில் செருகினான். வேறு கம்ப்யூட்டரில் செருகினான். கடைசியில் பிளாஸ்டிக்கை உடைத்தான். உள்ளே விரல் நகம் அளவுக்கு ஒரு பச்சைத் தகடு. தகர வாயைக் கழற்றி எறிந்துவிட்டு, நான்கு மெல்லிய கம்பிகளைத் தகட்டில் பற்றவைத்தான். டிங் என்று சத்தம் கேட்டது. மூன்று ஃபோல்டர்கள் வந்தன. தீபாவளி. ஸ்கூல். சும்மா.

மலர்க்கொடி எழுந்து நின்றாள்.

"உக்காருங்க அக்கா. ரொம்ப சந்தோஷப்படாதீங்க." அவன் தகட்டைத் தொட்டுப் பார்த்தான். "சூடு ஏறுது. எந்நேரமும் போயிரும். சாதாரணமா ஒரு செகண்டுல ஏறுறது, இதுல ஒரு ஃபைலுக்கு ஒரு நிமிஷம் எடுக்கும்போல. எல்லாத்தையும் எடுக்க முடியாது. எத மொதல்ல எடுக்கட்டும்? தீபாவளிதானே?"



ஸ்டேஷனுக்குள் ஒரு ரயில் வந்து நின்றது. கதவுகள் திறந்து மூடும் சத்தம் கடைவரை கேட்டது. அது கிளம்பிப் போகும்வரை மலர்க்கொடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'தீபாவளி'யில் இருந்தவை ஊர் கேட்டவை. பத்தொன்பது ரவிக்கைக்குப் பதினோரு வடிவங்கள், அத்தனையும் அவளுடைய மாதிரி ஆல்பத்தில் துணியில் தைத்து ஒட்டியவை. 'ஸ்கூல்' என்பது சட்டைப் பையில் தைக்கும் பேட்ஜ்கள். அவையும் பிள்ளைகளின் சட்டையில் இருந்தன. துணியில் இருப்பதைப் படம் பிடித்து, அதன்மேல் கோடு கோடாக மறுபடி வரைந்துவிடலாம். வடிவத்துக்கு ஒரு நாள் ஆகும். சிலவற்றுக்கு மூன்று நாள். தீபாவளிக்குள் பாதிதான் முடியும். மீதிப்பேரிடம் வாக்கு போகும்.

'சும்மா'வில் இருந்தவை எந்தத் துணியிலும் இல்லை. யாரும் கேட்காதவை. கோலா சுங்கை பாரு கடற்கரை ஈரமணலில் நண்டு உருட்டிப் போட்ட உருண்டைகளைப் பார்த்து வந்து வரைந்தது ஒன்று. ரப்பர் மரப் பட்டையில் சாய்வாக இறங்கும் வெட்டு ஒன்று. இப்படி இருபத்தேழு. ஆர்டர் இல்லாத மதியங்களில் வரைந்தவை. வீட்டில்கூட யாருக்கும் தெரியாது. தைத்துப் பார்க்க அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"அக்கா. சூடாகுது."

"சும்மாவ எடுங்க."

"சும்மாவா? அது பேரே சும்மா தானே?"

"அதான் தம்பி. அத எடுங்க."

அவன் தோளைக் குலுக்கிவிட்டு இழுத்துப் போட்டான். முதல் ஃபைல் ஊர்ந்தது. ஒன்பது வந்ததும் தகடு நின்றது. மின்விசிறிக் காற்றில் ஆறவைத்து மறுபடி இணைத்தான். ஏழு வந்தன. மறுபடி ஆறவைத்தான். ஐந்து வந்தன. அதன்பின் எவ்வளவு ஆறவைத்தும் கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு பொருள் இருப்பதே தெரியவில்லை.

"இருபத்தொன்னு," என்றான் நிவேந்திரன். "ஆறு போச்சு."

அவள் தலையசைத்தாள்.

அவன் ஒரு டப்பாவைக் கிளறி எட்டு ஜிபியில் இரண்டு பென்டிரைவ்களை எடுத்து வைத்தான். இந்த அளவு இப்போது கிடைப்பதே கஷ்டம் என்றான். ஒன்று மெஷினுக்கு, இன்னொன்று மெஷின் பக்கமே போகக்கூடாது. கண்ணாடிப் பெட்டியிலிருந்த ஹார்ட் டிஸ்க்குகளில், உள்ளதிலேயே சின்னதைக் காட்டினான்.

"பெருசு வேணாம். உங்க வேலைக்கு இதுலயே ஆயுசுக்கும் எடம் இருக்கு. கையில காசு வந்ததும் வாங்கிக்கங்க. எங்க வாங்குனாலும் வாங்குன அன்னிக்கே ரொப்பி, திருப்பித் தொறந்து பாத்துருங்க. பேரு தெரிஞ்சாப் பத்தாது."

வீட்டுக்கு வந்து ஆல்பத்தை விரித்துவைத்துக்கொண்டு போன் போட ஆரம்பித்தாள். எளிய வடிவம் கேட்டவர்களிடம் பேசவேண்டியதில்லை, முடித்துவிடலாம். கஷ்டமானவற்றைக் கேட்டவர்கள் ஏழு பேர். அவர்களில் ராஜம்மா என்பவள் வேறு வடிவம் போடச் சொல்லிவிட்டாள். இருவர் தீபாவளி கழித்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். மூவர் துணியைத் திருப்பிக் கேட்டார்கள். தெங்கேராவில் இருக்கும் கஜலட்சுமி அம்மாவைக் கடைசிக்கு வைத்திருந்தாள். பேங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். யாழ்ப்பாணக் குடும்பம். எட்டு வண்ண நூலில் கொடி ஓடும் வேலை கேட்டிருந்தார். அது மட்டுமே மூன்று நாள்.

"என்ன பிள்ளை, நான் ஆவணி மாசமே சொன்னனான் எல்லே?"

"சொன்னீங்கம்மா. டிசைன் அழிஞ்சி போச்சு. தீபாவளிக்கு முடியாதும்மா."

"எல்லாருக்குமோ, எனக்கு மட்டுமோ?"

மலர்க்கொடி பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். "கொஞ்சப்பேருக்கு."

"அப்ப நான் அந்தக் கொஞ்சப்பேரிலை ஒராள். உம்மடை வேலையை நம்பி நான் சீலையை வாங்கினன். சரி. துணியைக் குடுத்துவிடும். நான் கடையிலை ரெடிமேட் எடுக்கிறன்."

"வேற ஒன்னு இருக்கும்மா. நானே வரைஞ்சது. யாருக்கும் தைக்கல. அனுப்பட்டுமா?"

"வேண்டாம் பிள்ளை. பரிசோதனை செய்ய என்ரை சீலைதான் கிடைச்சுதோ?" என்று போனை வைத்தார்.

மலர்க்கொடி அந்தத் துணியை மடித்துத் தாள் பையில் போட்டாள். மற்ற மூன்று பைகளோடு அதையும் வைத்தாள்.

சாயங்காலம் காளிதாஸ் வந்தான். வாசலில் சட்டையை உதறினான். நான்கு பைகளையும் பார்த்தான். மெஷின் ஓடாமல் இருப்பதைப் பார்த்தான்.

"என்னலா, கட மூடியாச்சா?"

அவள் சொன்னாள். அவன் முகம் இறங்கியது.

"நான் பொட்டு வச்சதா?"

"அதுவும்தான். நான் ஈரத்துணி போட்டுத் தொடச்சேன். அது அதவிட மோசம்."

"எல்லாமே போச்சா?"

"இருபத்தொன்னு எடுத்தாச்சு."

"தீபாவளி டிசைனா?"

"இல்ல."

அவன் புரியாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள். முதல் வடிவத்தைத் திறந்தாள். திறந்தது. நண்டு உருட்டிய மணல், சாம்பல் நூலில். அவன் பார்த்தான். இரண்டாவதைத் திறந்தாள். மூன்றாவதில் அவன் முன்னால் குனிந்தான்.

"இது செம்பனக் கொல தானே? மேலருந்து பாத்தா இப்டித்தான் இருக்கும். லோரில நின்னு நான் தெனம் பாக்குறேன்." விரலால் திரையைத் தொட்டான். "முள்ளு கூட போட்டிருக்க."

"ம்."

"இது யாரு ஆர்டர்?"

"யாரும் கேக்கல."

"நாலு ஆர்டர விட்டுட்டு இதையா எடுத்த?"

"ஆமா."

திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் பைகளைத் திரும்பிப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான். தெருவில் ரொட்டிக்காரன் மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு போனான்.

"அடுத்தது காட்டு," என்றான்.