பின்னால் வரும் கயாக்

பீர் முகமது கயாக்கின் மூக்கில் கயிற்றைக் கட்டி இழுத்துப் பார்த்தபோது, கண்மாய்க் கரையில் துவைத்துக்கொண்டிருந்த வெள்ளத்தாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாய் கப்பல் விடுதாரு, பின்னாடியே பொண்டாட்டியையும் கட்டி இழுத்துட்டுப் போறாரு" என்றாள். ரஹ்மத் பீவி சிரிக்கவில்லை. சேலைக்கு மேல் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, ஒடுங்கிய அந்தத் துடுப்புப் படகில் காலை நீட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் இடம் பிடித்தவள் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் பின்னால தள்ளி உக்காரு. மூக்கு தூக்கி இருந்தாத்தான் நேரா வரும்" என்றார். காலையிலிருந்து அவளிடம் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அவருடைய வேலையே இதுவாகத்தான் இருந்தது. துபாயில் ஒரு படகுக் கிளப்பில், ஆசைப்பட்டுத் துடுப்புப் போட்டுப் போய்க் கை ஓய்ந்தவர்களைச் சின்னப் பாய்மரப் படகின் பின்னால் கட்டி இழுத்து வருவார். பாதி ஆயுள் அதிலேயே போயிற்று. ராஜபாளையத்துக்கு லீவில் வந்தால் வீடு நிறைய விருந்தாளிகள். அவர்கள் கிளம்பும்போது இவரும் கிளம்பிவிடுவார். ஆனால் தினமும் போன் உண்டு. போனில் இருவருக்கும் வாய் ஓயாது. "அந்தக் குட்டிப் படகுல என்னையும் ஒருநாள் இழுத்துட்டுப் போங்க" என்று ரஹ்மத் சிரிப்பாள்.

வேலையை விட்டு ஊரோடு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சே வரவில்லை. சோறு போடவா, மோட்டார் போடவா, அவ்வளவுதான். மகள் நௌஷீன் கல்யாணமாகிப் போன வீட்டில் ஃபேன் மட்டும் சத்தம் போட்டது. ஏஜெண்ட் மறுபடி விசா இருக்கிறது என்றான். போய்விடலாம் என்றுதான் இவருக்கும் இருந்தது; அதை அவளிடம் சொல்லத்தான் தைரியமில்லை. கடைசியாக ஒருமுறை முயன்று பார்ப்போம் என்று தூத்துக்குடியில் பழைய பாய்மரப் படகு ஒன்றையும் இந்தக் கயாக்கையும் வாங்கி, குட்டி யானை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்.

மலைக்காற்று பாயில் விழுந்தது. கயிறு குட்டையாக இருந்தால் பின்னால் வருவது முட்டும் என்பதால் நீளமாக விட்டிருந்தார். சுக்கானைப் பிடித்தபடி முன்னால் பார்த்தே ஓட்டினார். நடுக் கண்மாயில் சட்டைப்பையில் போன் அடித்தது. ரஹ்மத்.

"என்னட்டி, பயமா இருக்கா?"

"இல்ல. நல்லாருக்கு. சும்மாத்தான் போட்டேன்."

பீர் முகமது போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். இந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. அடுப்படியிலிருந்து கேட்பது வேறு யாருடைய குரலோ. அவர் திரும்பவில்லை. அவள் நௌஷீனின் மாமியாரைப் பற்றிச் சொன்னாள், தண்ணீரில் நிற்கும் நாரையைப் பற்றிச் சொன்னாள். இவரும் பேசினார், சிரித்தார். பிறகு அவள் குரல் தணிந்தது.

"நீங்க அங்க இருக்கயில கூடவே இருந்த மாதிரி இருந்துச்சு. இங்க வந்த பொறவுதான் வீட்டுல தனியா இருக்கேன். திரும்பப் போகணும்னு இருந்தா போயிருங்க. கோவிச்சுக்கிட மாட்டேன்."

அந்த நேரம் பார்த்துக் காற்று ஓய்ந்தது. பாய் தொங்கியது, படகு நின்றது. கயாக் நிற்கவில்லை. வந்த வேகத்தில், தொய்ந்த கயிற்றின் மேலேயே ஊர்ந்து பக்கத்தில் வந்தது. முட்டாமல் இருக்க ரஹ்மத் ஒரு கையால் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மறுகையில், காதோடு சேர்த்து, போன். கண் சிவந்திருந்தது.

"வச்சிரட்டா?"

அது முதலில் நேரே கேட்டது, பிறகு போனில் கேட்டது.

தலையாட்டினால் போனில் தெரியாது என்று இத்தனை வருடம் எல்லாவற்றுக்கும் "ம்" சொல்லிப் பழகியவர், இப்போது வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாயின் ஓரம் மறுபடி படபடக்கத் தொடங்கியது. அவள் விளிம்பிலிருந்து கையை எடுக்கவில்லை.