கட்டைவிரலின் சாட்சி

இதயத்துக்குள் குழாய் விடும் அறையில், குழந்தைகள் மேல் எக்ஸ்ரே எவ்வளவு படுகிறது என்று அளப்பது மீட்டரம்மாவின் வேலை. பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

அளக்க நகத்தளவு சில்லு ஒன்று உண்டு. முதலில் அதைக் குழந்தையின் முதுகில்தான் ஒட்டினாள். எக்ஸ்ரே மேஜைக்கு அடியிலிருந்து வருவதால் முழு அடியும் முதுகுக்குத்தான். ஆனால் சில்லின் நிழல் திரையில் விழுந்ததும் தலைமை டாக்டர் கத்தினார்.

"இதயத்துக்குப் பக்கத்துல என்ன அது, மூட்டைப்பூச்சி மாதிரி?"

"சில்லு, டாக்டர்."

"நகர்த்து."

இடுப்புக்கு நகர்த்தினாள். "இன்னும்." தொடைக்குப் போனது. "இன்னும் கொஞ்சம்." அதற்கு மேல் குழந்தையில் இடமில்லாததால், சில்லு கால் கட்டைவிரலில் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து எண்கள் எல்லாம் தங்கம், பூஜ்யத்துக்கு அக்கம்பக்கம். வாசலில் பலகை வைத்தார்கள்: 'குழந்தைகளுக்கு மிகக் குறைந்த கதிர்வீச்சு!'

"டாக்டர், இது கட்டைவிரல் கணக்கு. மெஷின் இன்னும் பெரியவங்க அளவுலதான் ஓடுது, நொடிக்குப் பதினஞ்சு படம். பாதி போதும்."

"எண் நல்லாத்தானே இருக்கு? சும்மா கிடக்கிற சங்கை ஏன் ஊதிக் கெடுக்கிற? ரிப்போர்ட்ல கையெழுத்தைப் போடு."

போட்டாள். போட்ட கை அன்று சோற்றில் இறங்கவில்லை.

அந்தப் பலகையைக் கேள்விப்பட்டு விருதுக்குழு ஒன்று பார்வையிட வந்த நாளில், பட்டாசு என்று வார்டே செல்லமாகக் கூப்பிடும் ஐந்து வயதுப் பெண்ணுக்கு மூன்றாவது தடவையாகக் குழாய் விட வேண்டியிருந்தது. மருந்து மாத்திரையெல்லாம் குறித்து வைக்கும் நோட்டோடு அவள் அம்மா பக்கத்தில் நின்றாள். மீட்டரம்மாவைக் கண்டதும் பட்டாசு பழக்கத்தில் காலை நீட்டினாள்.

"ஆன்ட்டி, ஸ்டிக்கர்!"

"இது எதுக்குங்க?" என்றாள் அம்மா.

"பிள்ளைக்கு எவ்வளவு எக்ஸ்ரே படுதுன்னு அளக்கத்தாம்மா."

"நெஞ்சுக்குள்ள ஓட்டை, கால்ல அளக்கறீங்களா? நோவு ஒரு பக்கம், சூடு ஒரு பக்கமால்ல இருக்கு!"

குழுவின் பேனாக்கள் நின்றன. தலைமை டாக்டர் கண்ணாலேயே அதட்டினார். மீட்டரம்மா அந்தக் கண்ணைப் பார்த்தாள். பிறகு நீட்டிய காலைப் பார்த்தாள்.

"கட்டைவிரலுக்கு ஒண்ணும் படலம்மா. முதுகுல எவ்வளவு படுதுன்னு எங்க யாருக்கும் தெரியாது."

டாக்டர் குழுவைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். "கால் வெறும் ஆரம்பம்தாங்க! இன்னைலேருந்து முதுகு. என் திட்டமே அதான்!"

சொல்லிவிட்டு அவளை மூலைக்கு இழுத்துப் போனார். "எண் எவ்வளவு வரும்?"

"பதினஞ்சு படம்னா, வாசல் பலகையைக் கழட்டணும்."

"பாதின்னா?"

"பலகை பிழைச்சுக்கும்."

"பாதி வை! இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நாலு தடவை சொன்னேன், டாக்டர்."

"சொல்ற விதமா சொல்லணும்மா."

அன்று சில்லு முதுகில் ஏறியது. திரையோரம் மூட்டைப்பூச்சி தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப்புறம் குழு தெரிந்தது. டாக்டர் வாயே திறக்கவில்லை. பாதிப் படத்திலும் ஓட்டை பளிச்சென்று தெரிந்தது, குழாயும் போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் அம்மா நோட்டை நீட்டினாள். மீட்டரம்மா அன்றைய எண்ணை எழுதினாள். பூஜ்யமில்லை, ஆனால் பயப்படும்படியும் இல்லை.

"முன்னாடி ரெண்டு தடவைக்கு?"

மீட்டரம்மா பேனாவை அடுத்த வரிக்கு நகர்த்தினாள். எழுதினாள்: 'கட்டைவிரலுக்கு ஒன்றுமில்லை. முதுகுக்கு நாங்கள் அளக்கவில்லை.' கீழே தன் முழுப் பெயரையும் எழுதினாள்.

அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இதுவா உங்க பேரு? நல்லாத்தானே இருக்கு."