கடல் திருப்பிய ஆறு

என் புருஷனுக்குக் கடவுள் நல்ல நாக்கைக் கொடுத்தார். அதை எப்போது மடக்கி வைப்பது என்கிற புத்தியை மட்டும் கொடுக்கவில்லை. ஆம்ப்ரோஸ் ஹாட்லோ என்றால் லண்டனில் பாதிப் பேருக்குத் தெரியும். பிரசங்கியாராக அல்ல, காதல் கவிதை கட்டினவராக! இளவட்டமாக இருந்தபோது எழுதினதெல்லாம் அச்சேறவே இல்லை. வாய்க்கு வாய் மாறி, சாராயக்கடை சாராயக்கடையாகப் பரவிவிட்டது. அப்புறம் இவர் குருப்பட்டம் வாங்கி, கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு வேலை கேட்டுப் போனால், "ஓ, அந்த ஹாட்லோவா?" என்று ஒரு இளிப்பு. அத்தோடு கதவைச் சாத்திவிடுவார்கள்.

அந்தக் கவிதைகள் யாருக்கு எழுதினவை என்கிறீர்கள்? எனக்குத்தான். ஒரு காலத்தில் எனக்கு அதில் தாங்க முடியாத பெருமை. தேம்ஸ் ஆற்றோரம் வாப்பிங்கில் என் சித்தப்பா மகனின் மீன்கடைக்கு மேலே, அவன் இரக்கப்பட்டு விட்ட ஒற்றை அறையில், உப்பு மீன் நாற்றத்தில் மூன்று பிள்ளைகளை வளர்த்த பிறகு அந்தப் பெருமையெல்லாம் போயே போய்விட்டது.

அப்போதுதான் ஆற்றங்கரையில் படகுக்காரர்கள் கோயிலுக்குப் பிரசங்கியார் வேண்டும் என்று சேதி வந்தது. அங்கே ஒரு வழக்கம். வேலை கேட்டு வருகிறவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பீடமேறிப் பிரசங்கம் செய்ய வேண்டும். முடிந்ததும் குடும்பத் தலைவர்கள் அங்கேயே கை தூக்குவார்கள். கை கிடைத்தால் கோயிலை ஒட்டின வீடு நமக்கு. நான் போய் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டே வந்தேன். ரொட்டி சுடத் தனி அடுப்பு, பின்னால் முட்டைக்கோஸ் போட இடம், பிள்ளைகள் படுக்கத் தனி அறை. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

அந்தக் கோயில் சபைக்குத் தலைவர், மூப்பர் ஜாபெஸ் ப்ளாக்கெட், மெழுகுவர்த்தி வியாபாரி. சிரிப்பு என்பதையே அறியாத முகம். எங்கள் அறைக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் பேசினார்.

"ஐயா, உங்க பழைய பாட்டுங்களைப் பத்திக் கேள்விப்பட்டேன். நான் ஒண்ணுகூடக் கேட்டதில்ல, கேக்கவும் வேண்டாம். ஆனா பீடத்துல நின்னு அதுங்களைப் பாவம்னு சொல்லிடணும்."

"நான் பாவின்னு தினமும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன், மூப்பரே" என்றார் இவர்.

"பொத்தாம்பொதுவா பாவின்னா ஊர்ல எவனும் சொல்லிடுவான். எங்க சபையில அப்படி இல்ல. செஞ்சதை எடுத்துச் சொல்லி, இதுதான் என் பாவம்னு சொல்லணும். இல்லேன்னா என் கை எழும்பாது."

அவர் படியிறங்கின உடனே நான் பிடித்துக்கொண்டேன். "சொல்லிடுங்க."

"எல்லாம் உன்னைப் பத்தினது, தாமசின்."

"என்னைப் பத்தினதுதானே? நானே சொல்றேன், பாவம்னு சொல்லித் தொலைங்க! கவிதை அடுப்பெரிக்குமா? கடைக்குட்டி இருமுறது உங்க காதுல விழலையா?"

கடைக்குட்டியின் போர்வையை இழுத்து மூடினார். அப்புறம் "சரி" என்றார். அந்தச் சரியைக் கேட்டதும் சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. ஆனாலும் நான் மனதை மாற்றிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒரு பக்கம் படகுக்காரர்கள், மறுபக்கம் கடைக்காரர்கள், நடுவில் பெண்டுபிள்ளைகள். தேம்ஸ் படகுக்காரன் வாய்க்கு ராஜாவே பயப்படுவார். போகிற படகைப் பார்த்து அவன் சொல்வதை நான் இங்கே சொல்ல முடியாது. ஆனால் கோயிலுக்குள் வந்தால் பேசமாட்டார்கள். பிரசங்கம் பிடித்தால் உம் கொட்டுவார்கள். வாய் மூடியபடி எல்லோரும் சேர்ந்து கொட்டும் உம்மில் பலகையெல்லாம் அதிரும். பிடிக்காவிட்டால் இருமலும் செருமலும்தான்.

இவர் எடுத்துக்கொண்டது யோனாவின் கதை. ஆண்டவர் போ என்ற இடத்துக்குப் போகாமல் கப்பலேறி ஓடி, புயலில் சிக்கித் திரும்பி வந்த ஆளின் கதை. படகுக்காரர்களிடம் வேறெதைச் சொல்வது! முதலில் இருமல் இருந்தது. மெல்ல அடங்கியது. பிறகு இவர் பீடத்தைப் பிடித்துக்கொண்டு, "நானும் ஓடினவன்தான். இளவயசுல என் வாயில வந்த வரிகளைச் சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பித்தார்.

*கடலைத் தேடி ஓடினேன், நான் ஓர் ஆறு.*
*கடலே எழுந்து வந்து என்னைத் திருப்பிற்று.*
*உப்பேறி இப்போது ஊற்றை நோக்கிப் போகிறேன்,*
*பிறந்த இடத்துக்கும் உன் ருசி தெரியட்டும்.*

'இதுதான் என் பாவம்' என்று அடுத்து வர வேண்டும். வருவதற்குள் உம் எழுந்துவிட்டது! ஏன் எழாது? கடல் பொங்கி ஏறும்போது ஆறு திரும்புவதையும், அந்தத் தண்ணீரே தங்கள் படகை ஊருக்குள் தள்ளிக்கொண்டு போவதையும் தினமும் பார்க்கிறவர்கள் அவர்கள். ஓடினவனை ஆண்டவர் திருப்பினதைத்தான் இவர் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். கிழட்டுப் படகுக்காரர் டிகரி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். எல்லாவற்றுக்கும் மேலே, மூப்பர் ப்ளாக்கெட் கண்ணை மூடிக்கொண்டு உம் கொட்டினார். காதல் பாட்டென்றால் முத்தமும் கித்தமும் இருக்கும் என்று காத்திருந்தவர், இதுதான் அந்தப் பாட்டு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

போதும், ஆமென் சொல்லிவிட்டு இறங்குங்கள் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். வீடு கைக்கு வந்துவிட்டது. யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.

உம் அடங்கும்வரை இவர் காத்திருந்தார். "மன்னிக்கணும். இதை நீங்க ஆண்டவரைப் பத்தினதுன்னு நினைச்சுட்டீங்க. இல்ல. இது என் பெண்டாட்டியைப் பத்தினது. இதைப் பாவம்னு சொல்லத்தான் மேலே ஏறினேன். இப்ப சொல்ல வாய் வரல."

கைக்கு வந்த வீட்டை இவரே தட்டிவிட்டார். மூப்பர் முகமெல்லாம் சிவந்து எழுந்தார். "கர்த்தருடைய பீடத்துல காதல் பாட்டா!"

"நீரும்தானே உம் கொட்டினீர், மூப்பரே?" என்றார் டிகரி. "எங்க எல்லாரையும்விட சத்தமா!"

படகுக்காரர்கள் பக்கம் கொல்லென்று சிரிப்பு. மூப்பர் தடுமாறிப்போய் என் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்களாவது சொல்லுங்க. அது பாவம்தானே?"

எல்லாக் கண்ணும் என்மேல். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டில் நான் சொன்னதும் அதுதானே. சத்தியமாக, ஆமாம் என்று சொல்லத்தான் எழுந்து நின்றேன். பீடத்தில் அந்த மனுஷன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். கெஞ்சவில்லை, கோபப்படவில்லை, சும்மா பார்த்தார். எனக்கு எங்கிருந்தோ பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"பாவமா? அந்தப் பாவம் மூணும் இதோ என் பக்கத்துல மூக்கை ஒழுகவிட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. ஒவ்வொண்ணாத் தூக்கிப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க, மூப்பரே!"

பெண்கள் பக்கம் சிரித்த சிரிப்பில் என் கடைக்குட்டி பயந்து அழுதது. அந்தக் கூச்சலிலேயே கை தூக்கச் சொன்னார்கள். படகுக்காரர்கள் பக்கம் அத்தனை கையும் எழுந்தது. கடைக்காரர்கள் பக்கம் ஒன்றுகூட எழவில்லை. எண்ணினால் இரண்டும் சரிக்குச் சரி. அப்படி வந்தால் மூப்பர் கைதான் முடிவு. போச்சு, எல்லாம் என் வாயால் கெட்டது என்று உட்கார்ந்துவிட்டேன்.

மூப்பர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யாரிடம் என்றில்லாமல் பேசினார். "கொள்ளைநோய்ல போனாளே, என் ஹெஸ்டர். இருபது வருஷம் கூட இருந்தா. அவகிட்ட நான் மெழுகு வெலையத் தவிர வேற ஒண்ணுமே பேசினதில்ல." சொல்லிக்கொண்டே கையைத் தூக்கினார். அதை இறக்காமலே, "ஆனா பிரசங்கத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கணும், ஐயா" என்றார்.

வெளியே வந்ததும் இவரை நான் விடவில்லை. "அவங்களே ஆண்டவரைப் பத்தினதுன்னு எடுத்துக்கிட்டாங்க. அப்படியே விட்டுட்டு இறங்கியிருக்கலாம்ல? எதுக்கு அந்த வீம்பு?"

"அந்த உம் உனக்கு வந்தது, தாமசின். ஆண்டவர் பேரைச் சொல்லி நான் வாங்கி வெச்சுக்கிட்டா, அவரே கூச்சப்பட்டு உன்கிட்ட திருப்பிக் கொடுத்திருப்பார்."

பேச்சுக்கு ஒன்றும் குறைச்சலில்லை என்று திட்ட வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. நடுத்தெருவில், பிள்ளைகள் பார்க்க, படகுக்காரர்கள் பார்க்க, அவர் அங்கியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அவர் என்னை விலக்கவே இல்லை.