ஏரம்பு கிணறு

எண்பத்துநாலாம் ஆண்டு, ஊர்களைப் பற்றி வானொலியில் விவரண நிகழ்ச்சி செய்கிற செல்வரத்தினம் எங்கள் நெடுந்தீவுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் வெட்டிய நல்ல தண்ணீர்க் கிணற்றைப் பற்றிப் பேசச் சொல்லி என் முன்னால் மைக்கை வைத்தார்.

பிள்ளை குட்டி இல்லாத மனிதர், செத்து இரண்டு வருடம். சொந்தக் காணியில் பாறையை உடைத்து ஏழு மாதம் தனியாக வெட்டினார். வெட்டி முடிந்ததும் கிராமசபைச் சேர்மன் ஏரம்பு வந்து றிபன் வெட்டி, தன் பெயரைக் கல்லில் பொறித்து வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது ஏரம்பு கிணறு. கொழுப்பைப் பாருங்கள்! வானொலியிலாவது என் மனிதரின் பெயர் ஒரு தரம் கேட்கட்டும் என்றுதான் ஒரு மணித்தியாலம் தொண்டை வரளப் பேசினேன்.

"அம்மா, உங்கட அவற்ற பேர் என்ன?"

முப்பத்தொரு வருடம் என் வாயில் வராத பெயர். புருஷன் பெயரைப் பெண்சாதி சொல்வதா?

"நான் சொல்லக் கூடாது தம்பி. லோஞ்சு ஏறுற துறையில ஆரிட்டயும் கேளும், சொல்லுவினம்."

"ஓம் அம்மா, விளங்குது. கேக்கிறன்."

கரைக்குப் போகிற கடைசி லோஞ்சுக்கு நேரமாகிவிட்டது. ஒலிப்பதிவு மெசினைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

இரண்டு மாதம் கழித்து, ஞாயிறு பின்னேரம், பக்கத்து வீட்டுப் பரிமளத்தின் றேடியோவுக்கு முன்னால் எட்டுப் பேர் கூடினோம். முன் கதிரையில் என்னை உட்கார வைத்தார்கள்.

"இந்தக் கிணற்றைத் தனியாளாக வெட்டியவர் அமரர் ஏரம்பு" என்றது செல்வரத்தினத்தின் குரல். "இனி, அவருடைய மனைவி அன்னபூரணம் பேசுகிறார்."

அது யாருடைய கிணறு என்று துறையில் அவர் கேட்டிருக்கிறார். யாரோ ஏரம்பு கிணறு என்று சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது.

"அன்னமக்கா, உயிரோட இருக்கிற சேர்மனையும் சாக்காட்டி, அவருக்குப் பெண்சாதியும் ஆயிட்டியள்!" என்று பரிமளம் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. றேடியோவில் என் குரல் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. நான் எழும்பி வந்துவிட்டேன்.

வீட்டுக் கதவைச் சாத்தினேன். உள்ளே ஒருவரும் இல்லை. முதல் தரமாகச் சத்தமாகச் சொன்னேன்.

"வைத்திலிங்கம்."

உயிரோடிருந்தபோது ஒரு நாள் இப்படிக் கூப்பிட்டிருந்தால், அந்த மனிதர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்திருப்பார்.