டம்ளர் அளவுப் புகைபோக்கி

நாலாவது குறுக்குத் தெருவில் ஆளுக்கொரு பித்து உண்டு. ஒருவர் புறா வளர்த்தார். இன்னொருவர் எல்லாக் கட்சியிலும் ஒருமுறை இருந்து பார்த்தார். ஆகவே பகலவன் வீட்டுப் பின்கட்டில் ரயில் எஞ்சின் செய்கிறான் என்று தெரிந்தபோது, விம்கோ நகர் ஸ்டேஷன் கூப்பிடு தூரத்தில் இருக்க இவனுக்கு எதற்குத் தனியாக ஒன்று என்று மட்டும் கேட்டுவிட்டுத் தெரு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

எஞ்சின் பள்ளிக்கூட பெஞ்சு நீளம், முழங்கால் உயரம். பொம்மை என்று யாராவது சொல்லிவிட்டால் பகலவன் அவர்களோடு பேச்சை நிறுத்திவிடுவான். நிஜ நிலக்கரி எரிந்து, நிஜத் தண்ணீர் கொதித்து, நிஜ நீராவி பிஸ்டனைத் தள்ளியாக வேண்டும். பின்னால் ஒரு பலகை வண்டியைக் கோத்து அதன்மேல் ஆள் உட்கார்ந்து போக வேண்டும். பகலில் அவனுக்குக் கண்டெய்னர் யார்டில் கிரேன் பழுது பார்க்கிற வேலை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், வெள்ளைக்காரக் கிழவர்கள் சிலர் தாங்களே செய்த எஞ்சின்மேல் தொப்பியோடு உட்கார்ந்து தங்கள் தோட்டத்தைச் சுற்றி வருவதை செல்போனில் பார்த்தான். அன்று பிடித்த காய்ச்சல். பகலவனுக்குத் தோட்டம் கிடையாது. ஒரு முருங்கை மரம் இருந்தது. உலோகம் கடைகிற பழைய லேத் மிஷின் வந்தபோது அது போயிற்று. ட்ரில்லிங் மிஷின் வந்தபோது துணி துவைக்கிற கல் போயிற்று. அதன்பிறகு அவன் மனைவி ரமாபாய் தெருக் குழாயடியில் துவைத்தாள்.

வருஷக்கணக்கில் நடந்தது வேலை. செப்புத் தகட்டை வளைத்து, பற்று வைத்து, பாய்லர் செய்தான். முதல் பாய்லர் சல்லடையாக ஒழுகியது. இரண்டாவது ஒரு பக்கம் மட்டும் வியர்த்தது. மூன்றாவதில் ஆவி நின்றது. புகைபோக்கியைப் பித்தளையில் கடைந்தான். காபி டம்ளரைவிடக் கொஞ்சம் பெரிது. அதை மெருகேற்றி மெருகேற்றி அதிலேயே மீசை ஒதுக்கிக்கொள்வான். இதை நாலு பெரிய மனிதர்கள் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. தெருக்காரர்கள் தினமும் பார்த்தார்கள். அது கணக்கில் வரவில்லை.

"அதுக்கு ஆவி நிக்கல, எனக்கு மூச்சு நிக்கல," என்பாள் ரமாபாய். "ரெண்டையும் ஒரே ஆளு கையில குட்த்தா இப்டித்தான்."

அவளுக்கு மூச்சு நிற்காததன் காரணம் தெருவுக்கே தெரியும். தெருமுனையில் நின்று அண்ணாந்தால் போதும். கம்பெனி. அதற்கு ஒரு பெயர் உண்டு, யாரும் சொல்வதில்லை. நலச்சங்கக் கட்டடத்துக்கு மின்விசிறி கொடுத்த பெயரைப் புகார் சொல்லும்போது எப்படி வாயில் எடுப்பது? அதன் புகைபோக்கி, பனைமரங்களை ஒன்றன்மேல் ஒன்று நிறுத்திய உயரம். மாலையானால் அதிலிருந்து மஞ்சளாக ஒன்று இறங்கும். கொடியில் காய்கிற வெள்ளைச் சட்டை பழுக்கும். நாக்கில் ஆணியைச் சப்பியது போல ஒரு ருசி நிற்கும். ரமாபாயின் நுரையீரலைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இதே காற்றில் இருந்தால் அடுத்த மார்கழி தாங்காது என்று சொல்லிவிட்டார். வேறு காற்றுள்ள இடத்தில் வாடகைக்குப் போகிற வசதி இல்லை. எனவே காற்றை மாற்றுவது என்று ரமாபாய் முடிவு செய்தாள்.

அவளும் பக்கத்து வீட்டு பதுருன்னிசாவும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார்கள். படியேற முடியாத இடங்களில் ரமாபாய் கீழே குந்திக்கொள்ள, பதுருன்னிசா மேலே போய்ச் சண்டை போட்டாள். கடைசியில் ஒரு பெரிய அதிகாரி, காற்றைச் சோதிக்கிற வண்டியோடு தானே வருவதாக ஒரு தேதி சொன்னார்.

"யார்ட்டயும் மூச்சு வுடாத ரமாக்கா," என்றாள் பதுருன்னிசா. "சொல்லாம வந்தாத்தான் கம்பெனி மாட்டும்."

"நான் எங்க வுடறது? இருந்தாத்தானே."

ஆனால் வண்டிக்கு மின்சாரம் சங்கக் கட்டடத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும். அதனால் தலைவர் வல்லரசிடம் மட்டும் சொன்னார்கள். அந்தச் சங்கத்தில் தேர்தல் நடந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. வல்லரசு தலைவராக இல்லாத காலமும் ஞாபகம் இல்லை.

மறுநாள் காலை நெடுஞ்சாலையில், கம்பெனி கேட்டுக்கு நேர் எதிரே, ஒரு பிளெக்ஸ் பேனர் எழுந்தது. 'காற்றின் தரம் காண வருகை தரும் அதிகாரி அவர்களே, வருக வருக!' தேதியும் நேரமும் சிவப்பில். ஒரு பக்கம் காதில் செல்போனோடு வல்லரசு. அதிகாரியின் படம் கிடைக்காததால் மறுபக்கம் ஒரு பனிமலை.

ரமாபாய் மூச்சு வாங்க வாங்க சங்கத்துக்குப் போனாள். "இன்னா தலைவரே, திருடன புடிக்கப் போறோம்னு திருடன் வூட்டு வாசல்லயே பேனர் கட்டிகீறியே?"

"எக்கா, அம்மாம்பெரிய ஆபீசர் வர்றாரு. மொட்டையா வந்துட்டு மொட்டையா போவட்டுமா? தெருவுக்கு ஒரு மரியாத வாணாமா?"

"மரியாதைய மூக்குல இழுக்க முடியுமா?"

"பேனருக்கு துட்டு குட்த்தாச்சுக்கா. இப்ப அவுத்தா அசிங்கம்," என்றார் வல்லரசு. மரியாதை விஷயத்தில் அவர் உறுதியானவர். அதோடு நிற்காமல் சாயங்காலம் பகலவனின் பின்கட்டுக்கும் வந்து, எஞ்சினைச் சுற்றி நடந்தார்.

"மாமு, அன்னிக்கி இத்த ஓட வுடுற. ஆபீசர் எறங்குறாரு, எஞ்சின் கூவுது, நீ ஷோக்கா ஓட்டியாந்து அவரு காலாண்ட நிறுத்துற. அதும்மேல சால்வ கீது, நான் எட்த்து போத்துறேன். நம்ம ஏரியான்னா இன்னான்னு தெரியணும்."

அடுப்பங்கரையிலிருந்து ரமாபாயின் குரல் வந்தது. "யோவ், வோணாம். அவரு பொகைய புட்சி அளக்க வராரு. அவரு எதுர்லயே பொகை வுட்டுகினு நிப்பியா? கூறு கீதா?"

"கொஞ்ச நேரம் ஓடப் போவுது ரமா. டம்ளரு சைசு பொகை. அதுவா கணக்கு?"

"ஆபீசருக்கு இன்னா, கம்பெனி பொகையும் எஞ்சின் பொகையும் தெரியாதா?" என்றார் வல்லரசு. "படிச்சவரு எக்கா."

பகலவன் புகைபோக்கியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். பெரிய மனிதர், கால்வரை எஞ்சின், சால்வை. அவன் முகத்தைப் பார்த்த ரமாபாய்க்குத் தெரிந்துவிட்டது. அதற்குமேல் பேச மூச்சைச் செலவழிக்கவில்லை. வல்லரசு போகும்போது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். எஞ்சின் நெற்றியில் 'வல்லரசு எக்ஸ்பிரஸ்' என்று பித்தளைத் தகடு. சங்கத்தின் செலவு.

சோதனை நாளன்று காலையில் தெரு வானத்தைப் பார்த்தது. நீலமாக இருந்தது.

"எம்மோவ், வானம் இந்தக் கலரா?" என்று யாரோ ஒரு பிள்ளை கேட்டது. கம்பெனிப் புகைபோக்கி உச்சியில் இரண்டு காக்கைகள் உட்கார்ந்திருந்தன. பராமரிப்புக்காக உலை நிறுத்தம் என்று கேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். பெண்கள் வீட்டிலிருந்த வெள்ளைத் துணியை எல்லாம் துவைத்துப் போட்டார்கள். ரமாபாய் வாசல்படியில் உட்கார்ந்து நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தாள். இருமல் வராமல் உள்ளே நின்றது. அவளுக்குப் பயமாக இருந்தது.

"பதுரு, இன்னிக்கின்னு பாத்து மூச்சு நல்லா வருதேடி," என்றாள்.

அதிகாரி நேரத்துக்கு வரவில்லை. தெரு நடுவே இரும்புப் பட்டையில் தண்டவாளம் போட்டு, பகலவன் காலையிலேயே எஞ்சினுக்குத் தீ மூட்டியிருந்தான். நிலக்கரி, துறைமுகத்திலிருந்து கம்பெனிக்குப் போகிற லாரிகள் சாலையில் சிந்தியது. பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்தான். காற்று நன்றாக இழுத்ததால் அது சுத்தமாக எரிந்தது. புகைபோக்கியில் மெல்லிய வெள்ளை நூல் ஒன்று வந்தது, அவ்வளவுதான்.

வல்லரசுக்கு அது பிடிக்கவில்லை. "இன்னா மாமு, ஊதுபத்தி மாறி வருது? ரயிலுன்னா பொகை வாணாமா? கருப்பா, குபுகுபுன்னு வந்தாத்தான கெத்து?"

"நல்லா எரிஞ்சா பொகை வராது தலைவரே."

"அப்ப கெட்டதா எரிய வுடு. வண்டி திரும்பிகினு கீது பாரு!"

காரும், பின்னால் சோதனை வண்டியும் தெருவுக்குள் நுழைந்தன. வல்லரசு அமர்த்தியிருந்த தவில்காரர் தட்ட ஆரம்பித்தார். பகலவன் ஒரு நொடி ரமாபாய் இருந்த பக்கம் பார்த்தான். பிறகு, ஈரக்கரியை இரண்டு கரண்டி அள்ளிப் போட்டு, லேத்துக்கு வைத்திருந்த கழிவு எண்ணெயையும் அதன்மேல் ஊற்றினான்.

புகை வந்தது. வல்லரசு கேட்டபடியே கருப்பாக, குபுகுபுவென்று, டம்ளர் அளவு வாயிலிருந்து நம்ப முடியாத அளவுக்கு வந்தது. எஞ்சின் ஒருமுறை கூவியது. சக்கரங்கள் வழுக்கி, பிடித்து, நகர்ந்தன. பலகை வண்டியில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்த பகலவன், வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் செய்த ஒன்றின்மேல் ஏறிப் போனான். ஒரு சக்கரம் லேசாக ஆடியது. அதிகாரி கைதட்டினார். "ப்யூட்டிஃபுல்! இந்த ஏரியாவில் இவ்வளவு திறமையா!" என்றார். செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். எஞ்சின் அவர் காலருகே வந்து நின்று, அவருடைய வெள்ளைப் பேண்ட்டைப் புகையில் குளிப்பாட்டியது. வல்லரசு சால்வை போர்த்தினார்.

நாலடி தள்ளி நின்ற சோதனை வண்டிக்குள் கருவி கீச்சிட்டது.

உதவியாளர் வந்து காதில் சொன்னார். அதிகாரி எஞ்சினைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார், சால்வையைச் சரிசெய்துகொண்டார். "புகாரில் உண்மை இருக்கு. இந்தத் தெருவில் கடுமையான புகை இருக்கத்தான் செய்யுது," என்றார். "மூலமும் கிடைச்சாச்சு."

"அய்யா, அது இல்லய்யா!" ரமாபாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அங்க பாருங்க, அந்தக் கம்பெனி..."

அதிகாரி பொறுமையானவர். அண்ணாந்து பார்த்தார். நீல வானத்தில் புகைபோக்கியும் இரண்டு காக்கைகளும் தெரிந்தன. "அதுல என்னம்மா வருது? நீங்களே சொல்லுங்க."

அவள் சொல்ல வாயைத் திறந்தாள். எண்ணெய்ப் புகை உள்ளே போயிற்று. இருமல் தொடங்கி, தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பாருங்க, எவ்வளவு பாதிப்பு," என்று அதிகாரி உதவியாளரிடம் காட்டினார்.

டம்ளர் அளவுப் புகைபோக்கியைச் சுற்றி நூல் கட்டி, அரக்கு வைத்து, முத்திரை குத்தினார்கள். சூடாக இருந்ததால் அரக்கு இரண்டுமுறை ஒழுகியது. ஆறும்வரை அதிகாரி இளநீர் குடித்துக்கொண்டு காத்திருந்தார்.

மறுநாள் மாலை கம்பெனி உலை மூட்டியது. விட்டதையும் சேர்த்து விட்டது. அதற்கு முன்பே, காலையில், வல்லரசு ஸ்குரு டிரைவரோடு வந்து பித்தளைத் தகட்டைத் தன் கையாலேயே கழற்றிக்கொண்டு போயிருந்தார். "தப்பா நினைக்காத மாமு, பேரு கெட்றக் கூடாதுல்ல." அந்த வாரமே கம்பெனி, தெருவுக்கு நேர்ந்த நிலை குறித்து வருத்தம் தெரிவித்து, வீட்டுக்கு வீடு முகக்கவசம் வழங்கியது. அதில் கம்பெனியின் சின்னம் அச்சாகியிருந்தது. வழங்கியவர் வல்லரசு. தெருவாசிகள் பகலவன் வீட்டைக் கடக்கும்போது அதை மூக்குக்கு ஏற்றிக்கொண்டு, கடந்ததும் இறக்கிவிட்டுக்கொண்டார்கள். பதுருன்னிசா ஏற்றவில்லை. ஆனால் பின்கட்டுப் பக்கத்து ஜன்னலை அவளும் சாத்தி வைத்தாள். வீட்டில் பேத்தி இருந்தாள்.

கார்த்திகையில் ரமாபாயைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கட்டிலருகே நின்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ள வல்லரசும் கூட வந்தார். "வீட்டுல புகை ஏதாவது உண்டா?" என்று டாக்டர் கேட்டபோது, பகலவன் வாயைத் திறப்பதற்குள் வல்லரசு முந்திக்கொண்டார். "ஒரு ரயில் எஞ்சின் கீது டாக்டர்."

டாக்டர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். "அதை முதல்ல வெளியேத்துங்க. இனிமே வீட்டுலயும் ஆக்சிஜன் மிஷின் இல்லாம இவங்களால முடியாது."

அந்த எஞ்சின் ஒரே ஒருநாள்தான் புகை கக்கியது என்பது பகலவனுக்குத் தெரியும். ஆனால் ஒரே விஷயத்தைத் தெருவும் தலைவரும் அதிகாரியும் டாக்டரும் சொன்னால், தெரிந்தது கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோகிறது. தவிர, அந்த இரண்டு கரண்டி ஈரக்கரி அவன் கையால் போட்டது. எஞ்சினைப் பிரித்தான். பாய்லரும் சக்கரங்களும் பிஸ்டனும் லேத்தும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏறின.

டோல்கேட் பக்கம், பழைய உலோகம் வாங்குகிற அலி அக்பரின் காயலான் கடை. அவர் செப்பையும் பித்தளையையும் பிரித்துத் தராசில் போட்டார். புகைபோக்கியை மட்டும் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"இது வாணாம் நைனா. சீலு வச்சிக்கிறான். கவர்மெண்ட்டு பேஜாரு. நீயே வச்சிக்கோ."

"நூல அறுத்துட்டா?"

"அறுத்தா ஜெயிலு. நீ இன்னா கம்பெனியா?"

கிடைத்த பணத்தில் ஆக்சிஜன் மிஷினை வாடகைக்கு எடுத்தான். அதே மீன்பாடி வண்டியில் அது வந்தது, பகலவன் மடியில் புகைபோக்கியும். தெருமுனையில் வல்லரசு நிறுத்தி விசாரித்தார். "எல்லாம் வித்தாச்சா? அது இன்னா கையில? ஆங், அத்த பத்திரமா வை மாமு. மறுபடியும் ஆபீசர் வந்தா, பொகை எங்கேர்ந்துன்னு காட்ட ஒண்ணு வோணும்ல."

மார்கழி பிறந்தது. ரமாபாய் ஜன்னலோரம் மூக்கில் குழாயோடு சாய்ந்திருந்தாள். பேசினால் மூன்று சொல்லுக்கு ஒருமுறை நிறுத்த வேண்டியிருந்தது.

"அன்னிக்கி... ஓடுச்சாய்யா? நான் சரியா பாக்கல."

"ஓடுச்சு."

"எம்மாந்தூரம்?"

"ஆபீசர் கால் வரிக்கும்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். அது இருமலாயிற்று. அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். வெளியே மஞ்சள் இறங்கத் தொடங்கியிருந்தது. இருமல் ஓய்ந்ததும் அவள் கையை நீட்டி, ஜன்னல் கட்டையிலிருந்த புகைபோக்கியை எடுத்தாள். வெளிப்பக்கம் அரக்கு முத்திரை உடையாமல் அப்படியே இருந்தது. ஒரு கண்ணை மூடி, மறு கண்ணில் அதைக் குழலாக வைத்து, தெருமுனைக்கு மேலே பார்த்தாள். கொஞ்சம் மேலே தூக்கினாள். கொஞ்சம் இடதுபக்கம் நகர்த்தினாள்.

"இன்னா ரமா பாக்குற?"

"பொகை இதுலேர்ந்துதான்னு... ஆபீசர் சொன்னது... சரிதான்யா," என்றாள், கண்ணை எடுக்காமல். "கம்பெனி... முழுசா இதுக்குள்ள... அடங்குது."